டிசம்பரில் அப்பாவை கோல்டன் ஸ்பைக் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமா?

ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவரான அப்பாவை டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில்பாதை முடிந்த இடமான கோல்டன் ஸ்பைக்குக் கூட்டிப்போனால், பொட்டல்வெளியைப் பார்த்து ஏமாந்துவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் பயணத்தைக் கோடைக்குத் தள்ளிவையுங்கள். ஜூபிடர், 119 என்ற இரண்டு நீராவி இன்ஜின்களும் அப்போதுதான் வெளியே வந்து ஓடும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கொட்டகைக்குள் போய்விடும்.

தேதியை மாற்றவே வழியில்லை என்றால், கொட்டகைக்குள் விடுவார்களா என்று முன்பே போன் செய்து கேளுங்கள். உள்ளே விட்டால் உங்கள் அப்பாவுக்கு அதுவே பெரிய விருந்து. ஓடுகிற இன்ஜினை யாரும் ரசிக்கலாம். பிரித்துப் போட்ட இன்ஜினைப் படிக்க அவரைப் போன்றவர்களால்தான் முடியும். ஜூபிடருக்கு விறகு, 119க்கு நிலக்கரி. இரண்டும் 1979இல் செய்த நகல்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். 1869 இணைப்பு விழாவில் நின்ற அசல் இன்ஜின்கள் எப்போதோ உடைத்து விற்கப்பட்டன. பாதை முடிந்ததன் அடையாளமாக அந்த விழாவில் வைத்த தங்க ஆணியும் அங்கே இல்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1869 மே 10 அன்று இரு கம்பெனிகளின் தண்டவாளங்கள் இணைந்த இடத்தில் அவரைக் கொஞ்சநேரம் நிற்கவிடுங்கள். 1904இல் கிரேட் சால்ட் ஏரிக்குக் குறுக்கே புதுப்பாதை வந்தபின் இந்த வழி ஆளரவமற்றுப் போனது. 1942இல் இரண்டாம் உலகப்போருக்காகப் பழைய தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டார்கள்.

பிக் ஃபில் நடைபாதையும் அருமைதான்: போட்டியில் ஒரே பள்ளத்தை ஒரு கம்பெனி மண்மேடு போட்டும் மற்றது மரப்பாலம் கட்டியும் கடந்த இடம். ஆனால் பனியில் வயதானவரை அங்கே நடக்கவிட வேண்டாம்.

பிரிகாம் சிட்டியிலேயே பெட்ரோலும் சாப்பாடும் முடித்துக்கொள்ளுங்கள்.