இலவச இ-பாஸுக்கு எதற்கு புரோக்கர்?

கேள்வி: பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம் ஊட்டி போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார். மதுரையிலிருந்து சொந்தக் காரில் பயணம். ஃபேஸ்புக்கில் அறிமுகமான ஒருவர் இ-பாஸ், மலை ரயில் டிக்கெட், காட்டேஜ், புத்தாண்டு இரவு கேம்ப்ஃபயர் எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணத்தை உடனே ஜிபேயில் அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் இ-பாஸ் கோட்டா முடிந்துவிடுமாம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அவர் விற்கும் நான்கில் ஒன்று இலவசம், ஒன்றை விற்க அவருக்கு உரிமையே இல்லை, ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது, கடைசி ஒன்று உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது.

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் பாஸ் கைக்கு வந்துவிடும். கட்டணம் எதுவும் கிடையாது. உங்கள் பிள்ளைகளில் பெரியவரிடம் போனைக் கொடுத்தால் அவரே முடித்துவிடுவார்.

‘கோட்டா’ என்று அவர் பயமுறுத்துவதில் ஒரு துளி உண்மை உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அது கோடை சீசனுக்காக. நீங்கள் போகும் தேதிக்கு வரம்பு இருந்தாலும் அது அவருக்கும் சேர்த்துத்தான். புரோக்கருக்கென்று அந்தத் தளத்தில் தனிக் கதவு எதுவும் இல்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. சிலர் ஏதோ ஒரு வண்டி எண்ணைப் போட்டுப் பாஸ் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். செக்போஸ்டில் நம்பர் பிளேட்டும் பாஸும் ஒத்துப்போகாமல் நிற்பது நீங்கள்தான். அவர் போனை எடுக்க மாட்டார்.

ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. தேவையில்லை என்றால் அறவே தேவையில்லை. ‘பயணிக்கு ஒரு பாஸ், தலைக்கு 100 ரூபாய்’ என்று யாராவது மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் கொடுக்காதீர்கள். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாலும் தேவையில்லை. மாமியாரும் பிள்ளைகளும் ரயிலில், கணவர் மட்டும் காரில் என்றால் காருக்கு மட்டும் வேண்டும். நீலகிரிப் பதிவெண், அதாவது டிஎன் 43 டாக்ஸியில் ஏறினால் அது உள்ளூர் வண்டி, உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் கோவையில் வாடகைக்கு எடுத்த டாக்ஸியோ சுற்றுலா வேனோ உள்ளூர் வண்டி ஆகாது. அந்த வண்டி எண்ணில் பாஸ் வேண்டும். டிரைவர் ‘எல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்றால், புறப்படுவதற்கு முன்பே பாஸை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

இந்த மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று பெரிய கல்வி நிறுவனங்களை வைத்து ஆராய நீதிமன்றம் சொன்னது. நல்லது. அதற்கிடையில், பாஸ் இலவசம் என்ற ஒற்றை வரியை மேட்டுப்பாளையம் சாலையில் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் இந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும். அதைச் செய்ய ஆராய்ச்சி எதற்கு?

அடுத்து மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். காலை ஏழு மணி வாக்கில் கிளம்பி நண்பகலில் போய்ச் சேரும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். விடுமுறைத் தேதிகளுக்கு அன்றே காலியாகிவிடும். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005 முதல் பெருமை பேசுகிறோம், ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் அதில் இடம் பிடிப்பது லாட்டரி மாதிரி. அந்தப் பற்றாக்குறையில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

அவர் தரும் டிக்கெட் பெரும்பாலும் வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். ரயில்வே டிக்கெட்டை நெருங்கிய குடும்பத்தாருக்குத் தவிர வெளியாளுக்கு இப்படி மாற்ற முடியாது. அடையாள அட்டை கேட்டால் டிக்கெட் இல்லாப் பயணி ஆகிவிடுவீர்கள். சரி, உங்கள் பெயரிலேயே போட்டுத் தருகிறார் என்று வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். ரத்தானால் ரயில்வே முழுப் பணத்தையும் திருப்பித் தரும், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தார்களோ அந்தக் கணக்குக்கு. அதாவது அவருக்கு. ஐஆர்சிடிசியில் உங்கள் கணக்கிலேயே எடுங்கள். கிடைக்கவில்லையா, குன்னூர் வரை பஸ்ஸிலோ காரிலோ போய், குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறுங்கள். அந்தப் பகுதியில் தினம் சில ரயில்கள் உண்டு. பிள்ளைகளுக்குச் சுரங்கமும் தேயிலைத் தோட்டமும் கிடைத்துவிடும். மாமியாருக்கும் ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டியதில்லை.

காட்டேஜ் விஷயத்தில் படத்தை நம்பாதீர்கள். ‘ஊட்டி காட்டேஜ்’ என்பது எமரால்டிலோ கோத்தகிரியிலோ இருக்கும். அங்கிருந்து பொட்டானிக்கல் கார்டன் போய்த் திரும்பவே நாள் ஓடிவிடும். வீட்டின் பெயரைக் கேட்டு வாங்கி, சுற்றுலாத் துறைப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மேப் பின் கேளுங்கள். வீட்டுக்காரரிடமே வீடியோ காலில் பேசி, முன்பணத்தை அவர் கணக்குக்கே அனுப்புங்கள். இதில் எதற்காவது ‘அது பிரைவசி மேடம்’ என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கேம்ப்ஃபயர். ஊட்டி டவுனுக்குள் அனுமதி பெற்ற ஹோட்டல் தோட்டத்தில் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த மாதிரி பேக்கேஜ்களில் அது மசினகுடிப் பக்கம், காட்டோரத்தில், இரவு சஃபாரியோடு சேர்த்து வரும். இரவில் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். 2021 ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு தங்கும் விடுதியில் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை செத்தது. அதன் பிறகு அனுமதியில்லாத விடுதிகளைத் தேடிச் சீல் வைத்தார்கள். நீங்கள் தங்கியிருக்கும்போது சீல் வைக்க வந்தால் அன்றிரவு மாமியாரோடு எங்கே போவீர்கள்? ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கவும் விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். இதைப் புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார்.

பண்டிகை பார்க்க ஆசையென்றால் காசில்லாமலே இருக்கிறது. ஊட்டியில் 1830-களிலிருந்து நிற்கும் புனித ஸ்டீபன் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் வழிபாடு உண்டு. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிப் நீலகிரியில் வாழும் படுகர் இன மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, கோத்தகிரி அருகே பேரகணியில் நடக்கும். அது காட்சிப்பொருள் அல்ல, அவர்கள் கும்பிடும் விழா. ஓரமாக நின்று பாருங்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

மாமியாருக்காக ஒரு குறிப்பு, எல்லாருக்குமாக ஒன்று. அந்த மாதம் விடியற்காலையில் உறைபனி விழும். காலைச் சுற்றலை ஒன்பது மணிக்கு மேல் வையுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் அவரோடு வாட்ஸ்அப்பில் வாதாடிக்கொண்டிருக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பரிவர்த்தனை எண்ணோடு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.