இலவச மனநல ஆலோசனை: நம்பிப் போகலாமா?

கேள்வி: எனக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. காரணமே தெரியாமல் அழுகை வருகிறது, பாடத்தில் மனம் நிற்பதில்லை. இளம்பெண்களுக்கு இலவசமாகக் கவுன்சலிங் தருகிற ஓர் அமைப்பைப் பற்றித் தோழி சொன்னாள். இலவசம் என்றால் உருப்படியாக இருக்குமா? பேசுவதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். மனச்சோர்வும் தூக்கக் கேடும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ அன்றாட வேலையையோ பாதித்தால் உதவி தேட வேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் அளவுகோல். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் இடத்தை நான் எடுத்துக்கொள்வதா?" என்று தயங்குகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். அந்தத் தயக்கமே வேண்டாம்.

இலவச ஆலோசனை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. உங்களிடம் வாங்காத கட்டணத்தை அரசோ அறக்கட்டளையோ கல்லூரியோ ஏற்கிறது, அவ்வளவுதான். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மருத்துவ நிலைய வளாகத்தில் மர பெஞ்சில் அமர்ந்து ஆலோசனை தருகிறார்கள். 573 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. பயிற்சியும் மேற்பார்வையும் இருக்கிறதா என்பதே முக்கியம். அதைத் தயங்காமல் கேளுங்கள்: ஆலோசகர் என்ன படித்திருக்கிறார், அவருடைய வேலையை யார் மேற்பார்க்கிறார்கள்? கூடவே, எத்தனை சந்திப்பு கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். இலவச இடங்களில் பெரும்பாலும் சந்திப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கும், காத்திருக்கவும் நேரலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசகருக்கு ரகசியம் காப்பது கடமை. 18 வயது நிரம்பியவர் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லக்கூடாது. விதிவிலக்கு உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரியவந்தாலும், அவர் அதைத் தேவையானவர்களிடம் சொல்ல நேரலாம். 18க்குக் கீழே இருக்கும் பெண்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். எதுவானாலும் மனதைத் திறப்பதற்கு முன்பே, "நான் சொல்வதில் எதை, யாரிடம், எப்போது சொல்வீர்கள்? குறிப்புகளை யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பல தொலைபேசி உதவி எண்களில் பெயர் சொல்லாமலே பேசலாம். ஆனால் வீட்டுக்குள் அடுத்த அறைக்குக் குரல் கேட்குமானால் தட்டச்சு செய்து பேசும் வசதி பாதுகாப்பானது.

முதல் சந்திப்பில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. தூக்கம், அழுகை, படிப்பு என்று இங்கே எழுதியதைச் சொன்னாலே போதும், மீதியை அவர் கேட்பார். ஒரே நாளில் பாரம் இறங்கிவிடாது. மூன்று நான்கு முறை பார்த்தும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேட்பது உங்கள் உரிமை. தப்பு உங்கள் மேல்தான் என்று பழிப்பவர், தன் நம்பிக்கையைத் திணிப்பவர், சொந்த எண்ணிலிருந்து அகால நேரத்தில் அழைப்பவர் என்றால் இரண்டாம் முறை போகாதீர்கள், அமைப்பிடம் புகார் கொடுங்கள்.

உடலையும் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இளம்பெண்களுக்கு அசதியையும் மனச்சோர்வையும் தரலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அழுகை மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மட்டும் மிகுந்து, பிறகு அடங்குகிறதா என்று இரண்டு சுழற்சிக்காவது தேதியோடு குறித்து வையுங்கள். அப்படியானால் அதற்கென்றே சிகிச்சை உண்டு.

சாக வேண்டும், என்னை நானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் முன்பதிவுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்காமல், அந்தத் தோழியையே கூட அழைத்துக்கொள்ளுங்கள்.