காளிக்காக அழுதவர் மங்காவையும் பார்க்கட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1980களின் கடைசியில் எங்கள் ஊரில் வீடியோ டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் விடிய விடியப் படம் போடுவார்கள். அப்படித்தான் அண்ணாவோடு உட்கார்ந்து ‘முள்ளும் மலரும்’ பார்த்தேன். கடைசிக் காட்சியில் இருவரும் அழுதோம். பிறகு அண்ணா கட்டாருக்குப் போய் உழைத்து எனக்கு வீடு கட்டித் தந்தார். காளி என்றால் எனக்கு அண்ணாதான். அண்மையில் மகளோடு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். “தங்கச்சிக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்காத ஒருவருக்காகவா அம்மா அழுதீர்கள்?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபம்தான் வந்தது. காளி மேலா, அண்ணா மேலா என்று தெரியவில்லை. தைப்பொங்கலுக்கு அண்ணா ஊருக்கு வருகிறார். பழைய படங்களை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். பார்க்கலாமா? அன்றைய என் கண்ணீர் பொய்யா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணாவோடு சேர்ந்து பாருங்கள். அன்றைய கண்ணீரும் பொய்யில்லை. கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை இவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் சொல்வதுபோல், “காளி மேலா, அண்ணா மேலா” என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அந்த வரிக்கு வந்து சேரப் போட்ட சுற்றுப்பாதை என்றே எனக்குப் படுகிறது. அதனால் சற்று நீட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் படம். முற்றத்தில் இருந்து பார்த்ததும் இப்போது மகளோடு பார்த்ததும் ஒரே படம் என்று நினைக்கிறீர்கள். முழுதாக அப்படிச் சொல்லிவிட முடியாது. அக்காலத்து வாடகை நாடாக்கள் எப்படிப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கொப்பியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று எடுத்து எடுத்து நிறமெல்லாம் கரைந்திருக்கும். இருட்டுக் காட்சி வந்தால் குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். ஜெனரேட்டர் இரைச்சலில் அந்தக் குரலும் பாதிதான் கேட்கும்.

இத்தனைக்கும் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் நம் ஊர்க்காரர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நீங்கள் போயிருக்கக்கூடிய மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிறதே, மட்டக்களப்பின் அந்த அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா. பூனா திரைப்படக் கல்லூரியில் படித்து, மலையாளத்தில் பெயர் வாங்கிய பின், தமிழில் அவர் ஒளிப்பதிவு செய்த முதல் படம் இது. இயக்குநர் மகேந்திரனுக்கும் இதுதான் முதல் படம். 1978 ஆகஸ்டில் வெளியானது. வசனம் மிகக் குறைவு. தயாரிப்பாளர் அதைப் பார்த்து மனம் நொந்துபோனதாக மகேந்திரன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முகங்கள் பேசுகிற படத்தை, முகம் தெரியாத கொப்பியில் பார்த்தால் என்ன மிஞ்சும்? காளியாக நடித்த ரஜினிகாந்த் மிஞ்சினார். எத்தனை தடவை கொப்பி எடுத்தாலும் அழியாத முகம் அது. சுற்றி இருந்தவர்கள்தான் கலங்கிப்போனார்கள்.

‘செந்தாழம்பூவில்’ பாடல் வருகிற இடத்தை இப்போதுதான் நீங்கள் சரியாகப் பார்த்திருப்பீர்கள். அதைப் படமாக்கக் காசு இல்லாமல் நின்றபோது கமல்ஹாசன் உதவினார் என்பதும் மகேந்திரன் சொன்னதுதான். நல்ல வேளை உதவினார். மலைப்பாதையில் வண்டி போகப் போக காளியின் தங்கை வள்ளியின் முகத்தில் ஒரு விருப்பம் வந்து அமர்கிறது. அவள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நம் ஊர் நாடாவில் அந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ நெளிந்துகொண்டிருந்திருக்கும், பாட்டு மட்டும் இனிமையாகக் கேட்டிருக்கும். வள்ளிக்கு யாரைப் பிடிக்கும் என்பதை உங்கள் மகள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தது அவள் கெட்டிக்காரி என்பதால் மட்டுமல்ல. அவளுக்கு முகம் தெரிந்தது.

படம் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். தாய் தகப்பன் இல்லாமல், தெருவில் வித்தை காட்டி வளர்ந்த அண்ணனும் தங்கையும். அண்ணன் காளி, மலையில் மின்நிலையத்தில் வின்ச் இயக்குபவன். முரடன், ஆனால் வள்ளி என்றால் உயிர். புதிதாக வருகிற என்ஜினியர் குமரனை அவனுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. குடித்துவிட்டு வீதியில் விழுந்து கிடந்த இரவில் லொறி ஏறி ஒரு கையை இழக்கிறான். குமரன் வள்ளியைக் கேட்கும்போது மறுத்து, அவளை வேறொருவனுக்கு நிச்சயிக்கிறான். அவனை எதிர்த்து நிற்பவள் அவனுடைய மனைவி மங்கா. ஊராரையும் சேர்த்துக்கொண்டு வள்ளியைக் குமரனிடம் அழைத்துப் போகிறவளும் அவள்தான். வழியில் காளி வந்து நிற்கிறான். வள்ளி கூட்டத்தை விட்டு அவனிடம் ஓடுகிறாள். தங்கைக்குத் தன்னைவிட யாரும் பெரிதில்லை என்ற பெருமையில் காளி தானே சம்மதம் கொடுக்கிறான். இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் கொடுக்கிறான்.

அந்த ஓட்டத்தைப் பாசம் வென்ற கட்டமாக நாமெல்லோரும் எடுத்துக்கொண்டோம். இப்போது பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. வள்ளியின் விருப்பம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அண்ணன் கையால் கிடைக்கும்வரை அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவளே எடுக்கவில்லை. இதை மகேந்திரன் அறியாமல் எடுத்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. காளியின் வீம்பு அவனுடைய கையைத் தின்கிறது, மனைவியை எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த வீம்புதான் கதை. உங்கள் மகள் கேட்ட கேள்வியை 1978இலேயே மங்கா கேட்டுவிட்டாள். படாபட் ஜெயலட்சுமி நடித்த அந்தப் பாத்திரத்தைச் சாப்பாட்டுப் பிரியை என்று முதற்பாதியில் சிரித்துவிட்டு, பிறகு மறந்துபோனது நாங்கள்தான். அடுத்த முறை அவளைப் பின்தொடர்ந்து பாருங்கள். படம் உங்கள் பக்கமும் இருப்பது தெரியும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். போவதற்குமுன் தங்கைமாரைக் கரையேற்ற வேண்டும். எனவே ‘பாசமுள்ள அண்ணன்’ என்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வெறும் பேச்சில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று ஊரே எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்றவர்களுடைய இளமை அந்தச் சுவர்களுக்குள் போயிருக்கிறது. அப்படியொரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, கட்டித் தந்தவர் மேல் கோபம் வருகிறது என்று எழுதுவது எளிதில்லை. அதனால்தான் காளியை முன்னால் நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கலியாணத்தை யார் தீர்மானித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் வீட்டோடு சேர்த்து முடிவும் அண்ணாவிடமிருந்தே வந்திருந்தால், அதற்கு நன்றியும் மனத்தாங்கலும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை மறைக்கத் தேவையில்லை. இத்தனை வருடம் மறைத்து வைத்தது ஒரு படத்தின் வழியாக வெளியே வந்ததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. நேரே சொல்ல முடியாததைச் சொல்ல நம் வீடுகளில் வேறு என்ன வழி இருக்கிறது?

கண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இரவை நினைத்துப் பாருங்கள். போரில் ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த காலம். விடிய விடியப் படம் ஓடியதற்கு ஆசை ஒரு காரணம். இரவில் வீதியால் திரும்பிப் போக முடியாது என்பது மற்றக் காரணம். பக்கத்தில் இருக்கும் அண்ணன் நாளைக்கும் இருப்பான் என்ற உறுதி எந்த வீட்டிலும் இல்லை. அப்படி இருந்த ஒரு பெண்பிள்ளை, தங்கைக்காக எதையும் செய்யும் ஒருவனைத் திரையில் கண்டு அழுதாள். அவளுக்கு அன்று வேண்டியது அதுதான். உங்கள் மகளுக்குக் காளியை விளக்க முயலாதீர்கள், இந்த இரவைச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதில் இருக்கிறது.

பழைய படங்களை நினைவோடு விட்டுவிட வேண்டும், திரும்பப் பார்த்தால் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலு மகேந்திரா இயக்கிய ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்தபோது, ரயில் நிலையத்தில் குரங்குபோல் ஆடிக்காட்டும் கமல்ஹாசனுக்காக அழாதவர்கள் குறைவு. அவர் பார்த்துப் பராமரித்த விஜி, சுகமானதும் அவரை மறந்துபோன நன்றிகெட்டவள் என்று திட்டியவர்களையும் அறிவேன். இப்போது அந்தக் காட்சி வந்தால் என் கண் ரயிலுக்குள் இருக்கும் விஜியிடம், ஸ்ரீதேவியிடம்தான் போகிறது. விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிப்போன பெண், தன் வாழ்வில் ஒரு காலம் எங்கே போனதென்றே தெரியாமல் எழுந்து வீட்டுக்குப் போகிறாள். அவளுக்குச் சுகமாகிவிட்டது! அதைப் பற்றி மகிழ்வதற்கு அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கமலின் துக்கம் இதனால் குறைந்துவிடவும் இல்லை. அதேவேளை, அந்தப் படத்தில் சில்க் ஸ்மிதாவுக்குக் கொடுத்த பகுதியை இன்று என்னால் சகிக்க முடிவதில்லை. பாலு மகேந்திரா அமிர்தகழிக்காரர் என்பதற்காக நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

இந்தப் பொறுமை எல்லாப் படத்துக்கும் உரியதல்ல. பின்னாலேயே திரிந்து தொல்லை கொடுத்துப் பெண்ணைச் சம்மதிக்க வைக்கும் கதாநாயகன், அறைந்து திருத்தும் கணவன், அதற்குக் கைதட்டும்படி போட்ட இசை என்று நிறையவே வந்திருக்கின்றன. காளியின் பிழையை அவன் படம் பிழையென்று காட்டுகிறது. இவை பிழையை வீரமென்று விற்கின்றன. “அந்தக் காலம் அப்படி” என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அதே காலத்தில்தான் மங்காவையும் ஒருவர் எழுதினார். அப்படிப்பட்ட படம் ஓடினால் எழுந்து போய் வேறு வேலையைப் பாருங்கள். பாட்டு நன்றாயிருந்தால் பாட்டை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வள்ளியாக நடித்த ஷோபாவுக்குப் படம் வெளியானபோது 16 வயதுகூட நிறையவில்லை. 1980 மே மாதம், 17 வயதில் இறந்துபோனார். அன்று முற்றத்தில் இருந்து பார்த்த உங்களுக்கு அவர் ஓர் அக்காவாகத் தெரிந்திருப்பார். இப்போது பிள்ளையாகத் தெரிகிறார். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு, தாயாக நின்று பார்ப்பதால் வந்ததாகவும் இருக்கலாம்.

சரி, பொங்கலுக்கு என்ன செய்வது? அண்ணா வந்த அன்றே ‘முள்ளும் மலரும்’ போடாதீர்கள். அவரும் அந்தப் படத்தில் தன்னைத்தான் பார்த்திருப்பார். வீடு நிறைய ஆட்கள் இருக்கையில் அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டாம். மகளிடம் வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லவும் வேண்டாம். மாமாவுக்கு அந்த முடிவு பிடித்ததா என்று அவள் கேட்டால் கேட்கட்டும். அவள் கேட்டால் அவர் கோபிக்காமல் யோசிப்பார், நீங்கள் கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும். மச்சாளை அடுப்படியில் விட்டுவிடாமல் அவரையும் கூட இருத்துங்கள். அண்ணா அனுப்பிய காசில் பெரும்பங்கு தங்கை வீட்டுச் சுவருக்குப் போன காலத்தைப் பற்றி அவரிடமும் ஒரு கதை இருக்கும். மங்கா பேசும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

முதலில் ‘வீடு’ பாருங்கள். பாலு மகேந்திரா இயக்கி 1988இல் வந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டதால், சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட முயலும் சென்னைப் பெண்ணின் கதை. நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்க வரும் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் நடித்திருப்பார், அந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் அண்ணாவை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வீடு கட்டிய ஒருவரால் இந்தப் படத்தை வாய் பேசாமல் பார்க்க முடியாது. ஒப்பந்தக்காரர் சீமெந்து மூட்டைகளைக் களவாக விற்கும் கட்டம் வந்ததும் தொடங்கிவிடுவார்: எந்த மேசன் ஏமாற்றினான், எந்த மாதம் சம்பளம் வராமல் வேலை நின்றது, யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று. படத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் பங்குக்கு நீங்களும் ஏதாவது சொல்வீர்கள். அன்றைக்கு வாய் வராவிட்டால், ‘முள்ளும் மலரும்’ மறுநாளைக்கு இருக்கிறது.