ஐம்பது வண்ணப் பெட்டி தேவையா? மினியேச்சர் தீட்டுவோருக்கான கேள்வி-பதில்

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது மேசைப் போர் விளையாட்டு பற்றிய கடிதங்கள் கூடிவிடுகின்றன. கட்டைவிரல் உயர ஆர்க்குகள் (கதை அரக்கர்கள்), எலும்புக்கூட்டு வீரர்கள், டிராகன்கள் என்று மினியேச்சர் எனப்படும் சின்னப் பொம்மைகளை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, படையாக நிறுத்தி ஆடும் விளையாட்டு இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் நம் பிள்ளைகள் பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள், பெரியவர்களும்தான். செலவு பிடிக்கும் பொழுதுபோக்கு என்பதால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

என் மகனுக்கு 15 வயது. பொம்மைப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டோம். இப்போது ஐம்பது வண்ணம் உள்ள பெயின்ட் செட் வேண்டும் என்கிறான். படம் வரைவதில் அவன் சுமார்தான். இவ்வளவு செலவு தேவையா?
*ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

தேவையில்லை அம்மா. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கரும்பழுப்பு, செருப்புத் தோல் நிறப் பழுப்பு, எலும்பு நிறம், மேனி நிறம், வெள்ளி, பொன். இந்தப் பன்னிரண்டு போதும். மற்றதைக் கலந்துகொள்ளலாம். ஐம்பது குப்பிப் பெட்டியில் பாதி திறக்கப்படாமலே இறுகிப்போகும்.

இவற்றோடு பழுப்பு வாஷ் ஒரு குப்பி கட்டாயம் வாங்குங்கள். வாஷ் என்பது தண்ணீராக ஓடும் வண்ணம். பூசியதும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் இறங்கி, அங்கேயே கருமையாகக் காய்ந்து நிழலாகிவிடும். முதலில் தட்டையாக நிறம், அது காய்ந்ததும் வாஷ், அப்புறம் வெளிர் நிறத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் எடுத்து மேடான விளிம்புகளில் மட்டும் தேய்ப்பது. இந்த மூன்று படிக்கு ஓவியத் திறமை வேண்டாம். வரைய வேண்டியதை எல்லாம் அச்சுக்கு உருவம் செய்த சிற்பி ஏற்கெனவே வரைந்துவிட்டார். மகன் சுமார்தான் என்ற கவலையை விடுங்கள். பொறுமை இருந்தால் போதும்.

நம் கோயில் கோபுரத்துப் பொம்மைகளைப் பாருங்கள். கண், மீசை, நகை எல்லாம் பளிச்சென்று, ஓரம் கட்டித் தீட்டியிருப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அங்கே கணக்கு. மினியேச்சரும் அப்படித்தான். ஆட்டம் நடக்கும்போது கை எட்டும் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தூரத்துக்காக வாங்கினால் செலவு தானாகக் குறையும்.

விலையை ஒப்பிடும்போது குப்பிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் மில்லிக்கு எவ்வளவு என்று பாருங்கள். சிட்டடெல் பிராண்டின் பேஸ் (அடி நிறம்), லேயர் (மேல் நிறம்) வண்ணங்கள் 12 மில்லி டப்பாவில் வருகின்றன. வயேஹோ 17 அல்லது 18 மில்லி, ஆர்மி பெயின்டர் 18 மில்லி, இரண்டும் சொட்டுக் குப்பியில். சிறுவன் கைக்குச் சொட்டுக் குப்பியே நல்லது. டப்பாவின் விளிம்பில் வண்ணம் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மூடி சரியாக மூடாது, உள்ளே இருப்பதும் இறுகிவிடும்.

கடைக்காரர் கான்ட்ராஸ்ட் வண்ணத்தையும் காட்டுவார். சிட்டடெல் வண்ணம் விற்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்தது. வெளிர் பிரைமர் (வண்ணத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் விழும். உரோமம், துணி மடிப்பு, மேனிக்கு அருமை. கேடயம் போன்ற சமதளத்தில் திட்டுத் திட்டாகக் காயும். பிடித்த நிறத்தில் இரண்டு வாங்கிப் பார்க்கட்டும், செட்டாக வேண்டாம். உள்ளூர் டாலா கைவினை அக்ரிலிக் மலிவு. மேசையில் வைக்கும் பாறை, இடிந்த சுவர், பொம்மை நிற்கும் காலடித் தட்டுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகத்துக்கு வேண்டாம். மெல்லியதாகக் கரைத்தால் மூடாது, கெட்டியாகப் பூசினால் செதுக்கல் மறைந்துவிடும்.

வண்ணம் காயாமல் வைத்துக் கலக்க ஈரத் தட்டு என்று தனியாக விற்பதையும் வாங்காதீர்கள். மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை விரித்து, மேலே பேக்கிங் தாளைப் போட்டால் அதுதான் ஈரத் தட்டு. மிச்சமாகும் பணத்தில் நல்ல மேசை விளக்கு வாங்கிக் கொடுங்கள், 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள பகல் வெளிச்ச வெள்ளை. மின்வெட்டை நினைத்து சார்ஜ் ஏற்றும் வகையாகப் பாருங்கள். இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள், பையனின் கண் முக்கியம்.

போன மாதம் வாங்கிய பிரைமர் ஸ்ப்ரே, பொம்மைகள் மேல் மாவு தூவியதுபோல் சொரசொரப்பாக விழுந்தது. ஒரு படைப்பிரிவே வீண். கடையில் 'ரீஃபண்ட் கிடையாது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எனக்கு உரிமை இருக்கிறதா?
*ஃபீனிக்ஸ் வாசகர்*

பலகையால் சட்டத்தை மாற்ற முடியாது தம்பி. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56: குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது.

ஆனால் குறை ஸ்ப்ரேயில்தான் என்பது உறுதியாக வேண்டும். டர்பன் கோடையில் காற்றில் ஈரம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த ஈரத்தில் அடித்தால் பூச்சு வெளுத்து மங்கும். வெயிலிலோ காற்றிலோ தூரத்தில் நின்று அடித்தால் துளிகள் பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்து தூளாக விழும். இரண்டுமே டப்பாவின் குற்றம் இல்லை. ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஈரம் குறைந்த ஒரு நாளில் டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு அட்டைமேல் வீச்சு வீச்சாக அடியுங்கள். வழவழப்பாக விழுந்தால் ஸ்ப்ரேயில் குறை இல்லை. அப்போதும் மாவாக விழுந்தால் அட்டையையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் 'கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஓம்பட்' என்ற குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை.

பொம்மைகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் டெட்டால் திரவத்தில் ஒரு நாள் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பூச்சு கழன்று வரும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக் கூடாது, பட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பொம்மையே கரைந்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்ப்ரே வேலையை நம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் தூரிகையால் பூசும் பிரைமரே பாதுகாப்பு.

உள்ளூர்க் கடை ஒன்றின் இணையதளத்தில் பெரிய டிராகன் வாங்கினேன். வந்த பிறகு மனம் மாறிவிட்டது, பெட்டியைப் பிரிக்கவில்லை. திருப்பலாமா? என் நண்பர் தன் விருப்பப்படி மாற்றிச் செய்யச் சொல்லி 3டி அச்சு உருவம் வாங்கினார், அவராலும் முடியுமா?
*பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்*

உங்களால் முடியும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் பிரிவு 44 படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், தொலைபேசியில் சொன்னால் சாட்சி இராது. நண்பரால் முடியாது. வாங்குபவர் சொன்ன விவரப்படி செய்த பொருளுக்கு இந்த ஏழு நாள் உரிமை இல்லை. அதில் குறை இருந்தால் கேட்பது வேறு விஷயம், அதற்கு மேலே சொன்ன ஆறு மாத உரிமை உண்டு.

உள்ளூர்க் கடையில் பார்த்த பொம்மைப் பெட்டி வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வெருலம் வாசகி*

அக்கா, அந்தப் பாதி விலையோடு 15 சதவீத வாட், சுங்க வரி, கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கிளியரிங் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பெட்டி வாசலுக்கு வரும்போது உள்ளூர் விலையைத் தொட்டுவிடுவதுண்டு. ஸ்ப்ரே டப்பாவை அந்தப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அழுத்தமேற்றிய, தீப்பற்றும் பொருள் என்பதால் விமான அஞ்சலில் அனுப்ப அனுமதி இல்லை.

இன்னொரு சந்தேகம்: விலை இவ்வளவு இறங்கியிருந்தால் அது போலி வார்ப்பாக இருக்கலாம். அசல் பெட்டியில் வருவது பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்த பாகங்கள் என்றால், தளத்தில் உள்ள படத்தில் அவை சாம்பல் நிற ரெசினில் (வார்க்கும் செயற்கைப் பிசின்), சட்டம் இல்லாமல், பையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போலி வார்ப்பில் காற்றுக் குமிழி ஓட்டை, மழுங்கிய முகம், அசலைவிடச் சற்றுச் சிறிய அளவு எல்லாம் இருக்கும். குறை என்று சொன்னால் கேட்க அங்கே ஆளும் இருக்காது. சிற்பியின் உழைப்பைத் திருடி வார்த்த பொருள் அது, மலிவாக வந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ரெசின் எதுவானாலும், அசல் உட்பட, அரம் போடும்போது தண்ணீரில் நனைத்து, முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பட்ஜெட்தான் பிரச்சினை என்றால் உள்ளூர்க் கடையிலேயே சின்னப் பெட்டியாக வாங்குங்கள். ஃப்ராஸ்ட்கிரேவ் போன்ற ஆட்டங்களுக்குப் பத்து உருவம் இருந்தால் போதும், எந்த நிறுவனத்துப் பொம்மையையும் பயன்படுத்தலாம்.

ஒருவர் விளையாட்டை விட்டுவிட்டு, தன் பழைய படையை மொத்தமாக விற்கிறார். பாதி உலோகப் பொம்மைகள். 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதித் தருவாராம். பயமின்றி வாங்கலாமா?
*டொங்காட் வாசகர்*

வாங்கலாம், ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள். வியாபாரியல்லாத தனிநபர் தன் சொந்தப் பொருளை ஒரு முறை விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்ற 'ஃபூட்ஸ்டூட்ஸ்' நிபந்தனை அங்கே செல்லும். தெரிந்தே குறையை மறைத்தால் மட்டும் அவரால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. கை, ஆயுதம், காலடித் தட்டு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தடித்த பூச்சு உள்ளதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதைக் கழற்றுவதே பெரிய வேலை.

உலோகப் பொம்மைகள் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியவை என்றால் ஈயம் கலந்திருக்கும். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் ஈயம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அவற்றை வாங்காதீர்கள். நல்ல நிலையில் உள்ளதையும் அரம் போட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் என் பொம்மைகள் படத்தில் காட்டுவதுபோல் வருவதில்லை. கூலிக்குத் தீட்டுபவரிடம் படை முழுவதையும் கொடுத்துவிடலாமா?
*லெனேசியா வாசகர்*

பெட்டியின் மேல் உள்ள உருவத்தைத் தீட்டியவருக்கு அதுவே வேலை. அதோடு உங்கள் மாலை நேரத்து உழைப்பை ஒப்பிடாதீர்கள் ஐயா. படை முழுதும் ஒரே மாதிரி மூன்று நான்கு நிறத்தில், வாஷ் போட்டு, காலடித் தட்டுக்கு மணல் ஒட்டி முடித்திருந்தால் மேசையில் அழகாகத்தான் இருக்கும். காலடித் தட்டைக் கவனித்துச் செய்தாலே சுமாரான பொம்மைகூட எடுத்துக்காட்டும். வெள்ளைப் பசையும் சலித்த கட்டட மணலும் போதும், கடைப் பொருள் எதுவும் வேண்டாம்.

ஆகவே சாதாரண வீரர்களை நீங்களே தீட்டுங்கள். தலைவன், டிராகன் போன்ற ஒன்றிரண்டை வேண்டுமானால் வெளியே கொடுங்கள். முதலில் ஒரே ஒரு உருவத்தை மாதிரிக்குத் தீட்டச் சொல்லிப் பாருங்கள். விலை, நாள், எந்த அளவு நுணுக்கம், தபாலில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டித் தராதீர்கள்.

விலை உயர்ந்த கோலின்ஸ்கி மயிர்த் தூரிகை சில மாதத்தில் முனை பிரிந்துவிட்டது. தரக்குறைவு என்று திருப்பலாமா?
*மெரிபேங்க் வாசகி*

முதல் நாளே முனை கூடவில்லை என்றால் உடனே திருப்புங்கள். சில மாதம் ஓடிய பிறகு என்றால் பெரும்பாலும் காரணம் வேறு: மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்க்குள் வண்ணம் ஏறிக் காய்ந்திருக்கும். தூரிகையைப் பாதிக்கு மேல் முக்காமல், வேலை முடிந்ததும் தூரிகைச் சோப்பில் கழுவி, முனையை விரலால் கூட்டிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள். வெள்ளி, பொன் வண்ணங்களுக்கும் உலர் தேய்ப்புக்கும் மலிவான செயற்கைத் தூரிகை அல்லது பழைய மேக்கப் பிரஷ் போதும். அடுத்த முறை மூன்று சைபர் போட்ட ஊசித் தூரிகை வாங்காதீர்கள். அதில் வண்ணம் நிற்காது, கண்ணைத் தீட்டப் போகும் வழியிலேயே காய்ந்துவிடும். 1ஆம் எண், முனை கூர்மையாகக் கூடுவது போதும். வாங்கும் முன் கடையில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு, நனைத்துப் பாருங்கள்.