தவழும் பிள்ளைக்கு டயப்பர் மாற்றுவது எப்படி? நர்சம்மாவிடம் கேளுங்கள்

கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டில் 9 மாதப் பேரன் இருக்கிறான். இன்று காலையும் அவனுக்கு மாற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தவழ ஆரம்பித்த பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உதகையிலிருந்து, 8 மாதப் பையனின் அம்மா: சிஸ்டர், படுக்க வைத்த அடுத்த நொடி புரண்டு ஓடுகிறான். மாமியார் காலைப் பிடிக்க, நான் கையைப் பிடித்து மாற்றுகிறோம். தினமும் வீடே அதிர அழுகை. என்ன செய்வது?

இரண்டு பேர் சேர்ந்து அமுக்குவதை முதலில் விட்டுவிடுங்கள் அம்மா. அவன் அடம்பிடிக்கவில்லை. நாலு ஐந்து மாதத்தில் குப்புற விழக் கற்று, ஏழிலிருந்து பத்து மாதத்துக்குள் தவழப் பழகுகிற பிள்ளை, விழித்திருக்கும் நேரமெல்லாம் அதையே செய்து பார்க்கும். மல்லாக்கப் போட்டால் திரும்பத்தான் பார்க்கும். கையையும் காலையும் பிடித்தால் பயமும் சேர்ந்துகொள்ளும். நாளைக்கு டயப்பரைக் கண்டாலே ஓடுவான்.

இன்னொரு காரணம் நம் ஊர்க் குளிர். புல்லில் உறைபனி பூத்திருக்கிற மார்கழிக் காலையில், கதகதப்பாக இருந்த டயப்பரை உருவிவிட்டு ஜில்லென்ற வெட் வைப்ஸை வைத்தால் பெரியவர்களே துள்ளுவோம். பாதிப் பிள்ளைகள் குளிருக்குத்தான் துள்ளுகின்றன என்பது நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. பழைய பருத்தித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். தண்ணீரை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள். வெந்நீர் ஃபிளாஸ்க்கை மட்டும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்ற வேண்டாம், கால்சட்டையை முழங்கால் வரை இறக்கினால் போதும்.

கட்டிலிலோ மேஜையிலோ மாற்றாதீர்கள். தரையில் பாய், அதன்மேல் கம்பளி, அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு துணி. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பே எல்லாம் அங்கே இருக்க வேண்டும். கிரீம் டப்பா மூடிகூடத் திறந்திருக்க வேண்டும். பழைய டயப்பரை அவிழ்க்காமலே புதியதை விரித்து அடியில் நுழைத்துவிடுங்கள். ஆண்பிள்ளை என்றால் பழையதைத் திறந்ததும் சில நொடி அப்படியே மூடி வைத்துக் காத்திருங்கள். காற்றுப் பட்டதும் ஒண்ணுக்குப் போவது வழக்கம். கட்டும்போது குறியைக் கீழ்ப்பக்கமாகப் படியவிட்டுக் கட்டுங்கள். தவழுகிற பையன்களுக்கு வயிற்றுப் பக்கம் சட்டை நனைவதற்கு அதைக் கவனிக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

கையில் ஏதாவது கொடுக்க வேண்டும், ஆனால் அது மற்ற நேரத்தில் அவன் பார்க்காத பொருளாக இருக்கட்டும். என் பேரனுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் மூடி. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதோடு வாய் ஓயாமல் பேசுங்கள். "இப்ப காலைத் தூக்கப் போறேன், இப்ப துடைக்கப் போறேன்" என்று தினமும் ஒரே வரிசையில் சொல்லுங்கள். சில வாரத்தில் அடுத்தது என்ன என்று அவனுக்குப் பழகிவிடும். அப்படியும் புரண்டால் புரளட்டும். குப்புறக் கிடக்கும்போதே பின்பக்கத்தைத் துடைத்து, டயப்பரை அடியில் நீட்டி, ஒட்டும் பட்டையைக் கடைசியில் போடலாம். முதல் வாரம் கோணலாகத்தான் வரும்.

குன்னூரிலிருந்து, 11 மாதப் பெண்ணின் அம்மா: எழுந்து நிற்கப் பழகிவிட்டாள், படுக்கவே மாட்டேன் என்கிறாள். நிற்க வைத்தே மாற்றலாமா?

ஒண்ணுக்கு மட்டும் போயிருந்தால் தாராளமாக. பேன்ட் மாதிரி மாட்டுகிற டயப்பர் வாங்குங்கள். டிரங்குப் பெட்டியையோ உங்கள் தோளையோ பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பழையதின் இரண்டு பக்கத் தையலையும் கிழித்தால் கீழே விழுந்துவிடும், புதியதை ஒவ்வொரு காலாக மாட்டி ஏற்றலாம். ஆய் போயிருந்தால் நிற்க வைத்துத் துடைக்காதீர்கள், தொடையெல்லாம் பூசிக்கொள்ளும். நேரே குளியலறைக்குத் தூக்கிப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவதுதான் சுலபம்.

அரவேணுவிலிருந்து, 7 மாதப் பெண்ணின் அப்பா: மனைவி வேலைக்குப் போவதால் பகலில் நான்தான் பார்க்கிறேன். பெண் குழந்தை, சரியாகத்தான் செய்கிறேனா என்று பயமாக இருக்கிறது.

ரொம்ப சந்தோஷம் தம்பி. முன்னாலிருந்து பின்னாலாகத் துடைக்க வேண்டும், ஒருபோதும் பின்னாலிருந்து முன்னால் வரக் கூடாது. மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஒரு தடவை துடைத்த துணியின் பக்கத்தை மடித்து, அடுத்த பக்கத்தால் துடையுங்கள். உள்ளே சோப்பு வேண்டாம். தொடை மடிப்பில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுங்கள். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து உயரத் தூக்குவதைவிட, ஒரு பக்கமாக உருட்டித் துடைப்பது பிள்ளைக்கும் நல்லது, துள்ளலும் குறையும்.

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்): சளி பிடிக்காமல் இருக்க, டயப்பர் மாற்றும்போதே நெஞ்சிலும் பாதத்திலும் தைலம் தேய்க்கச் சொல்கிறார்கள். 10 மாதம் ஆகிறது. தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலம் இல்லாத வீடு நம் மலையில் கிடையாது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சின்னப் பிள்ளையின் மூச்சுப்பாதைக்கு அந்த நெடி ஆகாது. வாய்க்குள் போனால் கொஞ்சமே வலிப்பு வரவழைக்கும். மூட்டுவலிக்குத் தேய்க்கிற வின்டர்கிரீன் எண்ணெய் அதைவிடக் கொடியது, ஒரு டீஸ்பூன் ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

தவழும் பிள்ளை மாற்றும் இடத்தில் கிடைத்ததைப் பிடிக்கும், பிடித்ததை வாயில் வைக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலும் தைலப் பாட்டிலும் ஒரே அலமாரியில் நிற்கிற வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தைலத்தை மேலே, பூட்டுகிற இடத்தில் வையுங்கள். தப்பித்தவறி குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தடவ எண்ணெய் வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெய் போதும். நம் குளிரில் அது உறைந்துதான் இருக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும்.

எல்லநள்ளியிலிருந்து: பவுடர் போட்டும் சிவப்பு போகவில்லை. மடிப்புக்குள் செக்கச் சிவப்பாகி, சுற்றிலும் பொட்டுப் பொட்டாக இருக்கிறது.

பவுடரை நிறுத்துங்கள். மடிப்பில் கட்டியாகி உரசும், தூள் மூச்சில் நுரையீரலுக்கும் போகும். சாதாரணப் புண் ஈரத்தாலும் உரசலாலும் வருவது, டயப்பர் படுகிற மேட்டில் இருக்கும். அதற்கு அடிக்கடி மாற்றி, ஜிங்க் ஆக்சைடு கிரீமைத் தடிமனாகப் பூசினால் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நீங்கள் சொல்வது, மடிப்புக்குள் சிவந்து சுற்றிலும் பொட்டு, பூஞ்சைக் காளான் மாதிரி தெரிகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டி அதற்கான மருந்து வாங்குங்கள். மருந்துக் கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்காதீர்கள். அந்தக் கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, குழந்தையின் தோலை மெலிய வைத்துவிடும். வெயில் வரும் நேரத்தில் கண்ணாடி ஜன்னல் பக்கம் டயப்பர் இல்லாமல் பத்து நிமிஷம் தவழ விடுங்கள். அரைஞாண் கயிறு டயப்பர் ரப்பருக்குள் மாட்டி அழுத்துகிறதா என்றும் பாருங்கள். அதில் மணி கோத்திருந்தால் கழற்றிவிடுங்கள், அறுந்தால் தொண்டையில் சிக்கும்.

மஞ்சூரிலிருந்து: நாங்கள் துணிதான் கட்டுகிறோம். மழை மாதத்தில் காயவே மாட்டேன் என்கிறது. கரி அடுப்பு மேலே காயப் போடலாமா? நம் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமே, கிருமி சாகுமா?

நல்ல கேள்வி. உதகை இருப்பது ஏறத்தாழ 2240 மீட்டரில், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தச் சூடே போதும், துணியைச் சில நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

காயப் போடுவதில்தான் கவனம். தடித்த துணியை விட்டுவிட்டு, பழைய வேட்டி, நூல்சேலை மாதிரி மெல்லிய துணியைக் கிழித்து இருபது இருபத்தைந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டும்போது மடித்துக் கட்டலாம், காயும்போது ஒற்றையாகக் காயும். கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டி போக்கிவிடும். ஆனால் கரியை மூடிய அறைக்குள் கொண்டு வரவே கூடாது, துணிக்காகவும் கூடாது, குளிருக்காகவும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போவார்கள்.

கூடலூர் பக்கம் எஸ்டேட் லைனிலிருந்து: அக்கா, பிள்ளைக்காம்பராவில் (எஸ்டேட் குழந்தைகள் காப்பகம்) காலையில் போட்ட டயப்பரோடு சாயங்காலம் வரை வைத்திருக்கிறார்கள். கேட்டால் "பிள்ளை ஓடுது, பிடிக்க முடியலை" என்கிறார்கள்.

எட்டு மணி நேரம் ஒரே டயப்பர் கூடாது அம்மா. மூணு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும், ஆய் போனால் உடனே. காலையில் எண்ணி மூணு டயப்பர் கொடுங்கள், சாயங்காலம் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். சண்டையாகக் கேட்காமல், பிள்ளைக்குப் பழகின விளையாட்டுச் சாமானையும் கொடுத்து, நீங்கள் எப்படி மாற்றுகிறீர்கள் என்று ஒரு தடவை அந்த ஆயா முன்னால் செய்து காட்டுங்கள். நிறையப் பிள்ளைகளை ஒருத்தியாகப் பார்க்கிறவருக்கு நின்றபடி மாற்றுகிற பேன்ட் டயப்பர்தான் கைக்கு வரும்.

கேத்தியிலிருந்து: டயப்பரில் சிவப்பாக இருந்தது, பயந்துவிட்டேன்.

முந்தின நாள் பீட்ரூட் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதுதான். கேரட் ஆரஞ்சாகவே வரும், வாழைப்பழம் கறுப்பு நூல் மாதிரி வரும், ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கிற இரும்புச்சத்து சிரப் கறுப்பாக்கும். இவை எதுவும் கொடுக்காமல் சிவப்போ கறுப்போ, அல்லது எப்போதும் சுண்ணாம்பு மாதிரி வெளுப்போ வந்தால் டாக்டரிடம் போங்கள். வயிற்றுப்போக்கு நேரத்தில் டயப்பர் ஒண்ணுக்கை உறிஞ்சிவிடுவதால் போனதே தெரியாது. உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துப் பாருங்கள். ஆறு மணி நேரம் பஞ்சு நனையவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

குன்னூரிலிருந்து: மாதம் ஒருமுறை பஸ்ஸில் கோவை போகிறோம். வழியில் எப்படி மாற்றுவது?

ஓடும் பஸ்ஸில் மாற்றாதீர்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒரு கை பிள்ளையைப் பிடிக்கவே போதாது. ஏறுவதற்கு முன் மாற்றுங்கள், அடுத்தது மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில். இறங்க இறங்கச் சூடு ஏறும். பர்லியார் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். இங்கே போட்ட துணியோடு சமவெளிக்குப் போகிற பிள்ளைக்கு டயப்பருக்குள் வேர்த்து, திரும்பி வரும்போது புண்ணோடுதான் வரும். கழற்றிய டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வையுங்கள். ஜன்னல் வழியே பள்ளத்தில் எறிந்தால் அது ஓடை வழியாகப் பவானிக்குத்தான் போகும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகள் கீழே இருக்கிறார்கள்.

மறுபடி உதகையிலிருந்து, அதே அம்மா: மூடி கொடுத்துப் பார்த்தேன் சிஸ்டர், இரண்டு நாள் நன்றாக இருந்தான், மூன்றாம் நாள் அதையும் வீசிவிட்டான்.

மூடியை எடுத்து வைத்துவிட்டு ஒரு மரக்கரண்டி கொடுங்கள். அடுத்த வாரம் மூடியைத் திரும்பக் கொடுங்கள், புதுசு மாதிரி வாங்கிக்கொள்வான். நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் இப்படி மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகு "டயப்பர் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள், அவனே தூக்கிக்கொண்டு வருவான்.