ஓய்வுபெற்ற அப்பாவுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

திருகோணமலையில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியரான உங்கள் 67 வயதுத் தந்தையார் மாலையில் டச்பே கடற்கரையில் நடப்பதாகவும், மற்ற நேரமெல்லாம் சாய்மனைக் கதிரையிலேயே இருப்பதாகவும் சொல்லி, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன், தசையை வலுப்படுத்தும் பயிற்சி 2 நாளாவதும், உடற்சமநிலைக்கான பயிற்சி 3 நாளாவதும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. கால் தசைகள் மெலிவது முதியோர் விழுவதற்கும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதற்கும் முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதால், கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்தமர்வது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகளை நான் நடைக்கு மேலாகவே வைப்பேன். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையும், அங்கு திரியும் மான்கள் வழிமறிக்காவிட்டால், நல்ல பயிற்சியே.

முதுமையில் தாக உணர்வு குறைவதால், வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் அருந்த வேண்டும். கருவாட்டின் உப்பும் கவனத்துக்குரியது.

மனநிலையைப் பொறுத்தவரை, ஆசிரியராக இருந்தவரிடம் "இனி ஓய்வெடுங்கள்" என்பதே தவறென எண்ணுகிறேன். அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு, தமக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்ற உணர்வை அவருக்கு நாள்தோறும் தரும். முழங்கால் வலியோ தலைச்சுற்றோ இருந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரிடம் காட்டுங்கள்.