கிட்னி கொடுக்கும் முன் சிடி ஸ்கேன் எதற்கு?

கேள்வி: தம்பிக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. என் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரத்தம், யூரின், அல்ட்ராசவுண்ட் எல்லாமே நார்மல். இப்போது சிடி ஆஞ்சியோ எடுக்கணுமாம். எல்லாம் நல்லாத்தானே இருக்கு, இன்னொரு ஸ்கேன் எதற்கு? படம் தெளிவாகத் தெரியப் போடுகிற டை ஊசி கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு பயமுறுத்துகிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதுவரை எடுத்த டெஸ்ட்டில் கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை எப்படி வெளியே எடுப்பது என்பதை, ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கிற இந்தச் சிடி ஆஞ்சியோதான் சொல்லும். ஒரு கிட்னிக்கு ஒரு தமனி, ஒரு சிரை என்றுதான் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். நிஜத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கம் இரண்டு தமனி, சிலருக்கு மூன்றுகூட இருக்கும். அதில் ஒன்று நூல் மாதிரி கீழ்முனைக்குப் போனால் சர்ஜன் ரொம்ப உஷாராகிவிடுவார், ஏனென்றால் சிறுநீர்க்குழாய்க்குப் போகிற ரத்தம் அதை நம்பி இருக்கலாம். தெரியாமல் வெட்டிவிட்டால் தம்பி உடம்பில் வைத்த பிறகு அந்தக் குழாய் அழுகி, சிறுநீர் கசியலாம். சின்னத் துளை வழியாகக் கேமராவில் பார்த்துச் செய்கிற ஆபரேஷன், உள்ளே போன பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

பெரும்பாலும் இடது கிட்னியைத்தான் எடுப்பார்கள். அந்தப் பக்கத்துச் சிரை நீளம் அதிகம், தம்பிக்குத் தைக்க வசதி. ஆனால் அதற்கும் மேலே ஒரு விதி இருக்கிறது: இரண்டில் கொஞ்சம் நல்லது எதுவோ அது உங்களிடமே இருக்கணும். வலது கிட்னி அளவில் சிறியதாக இருந்தாலோ, அதில் ஒரு குட்டிக் கல் தெரிந்தாலோ, வலதைத்தான் எடுப்பார்கள்.

முன்பெல்லாம் இதைப் பார்க்கத் தொடை வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுப்பார்கள். இப்போது கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். டை இல்லாமல் ஒரு படம், கல் இருக்கிறதா என்று பார்க்க. டை ஏறிய அரை நிமிடத்துக்குள் தமனிகள், கொஞ்சம் பொறுத்து சிரைகள், சில நிமிடம் கழித்துச் சிறுநீர்க்குழாய். டை போகும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவி, படுத்த இடத்திலேயே யூரின் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது, பயப்படாதீர்கள்.

அக்கா சொன்னதில் பாதி உண்மை. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டை ஆபத்துதான். உங்களைப் போல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்த அளவு) நார்மலாக உள்ளவர்களுக்குக் கெடுதல் வருவது மிக அபூர்வம். முன்பு டை ஊசியில் அலர்ஜி வந்திருந்தாலோ, கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலோ மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்காக ஸ்கேன் எடுத்ததில் எனக்கு இரண்டு தமனி என்று வந்திருக்கிறது. வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களா?
– வாசகர், சேலம்

பதில்: அதற்காக மட்டும் பெரும்பாலும் அனுப்பமாட்டார்கள். அடுத்த கிட்னிக்கு ஒரே தமனி என்றால் அதை யோசிப்பார்கள். இல்லையென்றால், எடுத்த கிட்னியை ஐஸில் வைத்துக்கொண்டே இரண்டு தமனிகளின் வாயையும் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிவிடுவார்கள், நேரம் கொஞ்சம் கூடும். வேறு ஆஸ்பத்திரியில் காட்டப் போனால் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், சர்ஜன் படத்தைத்தான் முதலில் பார்ப்பார்.